ஏடிவி வண்டியின் கிளட்ச்சும் பெல்ட்டும்: சீரமைப்பும் பழுதறிதலும்

சேறு, மணல், பனி, மேடு பள்ளம் என்று பாதை இல்லாத நிலங்களில் ஓட்டுவதற்காகப் பருத்த டயர்களோடு அமைக்கப்படும் ஏடிவி வண்டிகளில் பெரும்பாலானவை, கியர் மாற்றும் வேலையை ஓட்டுபவரிடம் விடாமல், இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓடும் ஒரு ரப்பர் பெல்ட்டின் வழியாகவே இன்ஜினின் திறனைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்கின்றன. படிப்படியான கியர்கள் இன்றி வேக விகிதம் தொடர்ந்து மாறிக்கொண்டே இருப்பதால் இந்த அமைப்புக்குத் தொடர்மாறு செலுத்தம், சுருக்கமாகச் சிவிடி, என்று பெயர். நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இல் தன் சிறிய காரில் அறிமுகப்படுத்திய வேரியோமேட்டிக் இதே கொள்கையில் இயங்கியது. பனிவண்டிகளில் நெடுங்காலம் பயன்பட்டுவந்த இம்முறையை அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த போலாரிஸ் 1985இல் தன் ஏடிவிகளுக்குக் கொண்டுவந்தது. கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் இருப்பதும் இதுவே என்றாலும், ஸ்கூட்டரில் பின்சக்கரத்தை இணைக்கவும் விடுவிக்கவும் தனியே ஒரு மையவிலக்குக் கிளட்ச் உண்டு. போலாரிஸ் போன்ற வண்டிகளில் அந்த வேலையையும் பெல்ட்டே செய்கிறது. ஒவ்வொரு முறை வண்டி நகரத் தொடங்கும்போதும் பெல்ட் கணநேரம் வழுக்கித்தான் பிடிக்கிறது என்பதால், இச்செலுத்தத்தின் பழுதுகளில் பெரும்பகுதி அந்தக் கணத்திலேயே உருவாகிறது.

இன்ஜினின் கிராங்க் தண்டில் பொருத்தப்பட்டது முதன்மைக் கிளட்ச். உயர், தாழ் கியர்களை ஓட்டுபவர் தேர்ந்தெடுக்கும் கியர்பெட்டியின் தண்டில் இருப்பது இரண்டாம் கிளட்ச். இரண்டுமே, ஒன்று நிலையாகவும் மற்றது நகரக்கூடியதாகவும் உள்ள இரு சரிவான தட்டுகளால் ஆனவை. இன்ஜினின் வேகம் கூடும்போது முதன்மைக் கிளட்ச்சில் உள்ள எடைக்கரங்கள் மையவிலக்கு விசையால் வெளிநோக்கி விரிந்து, ஸ்பிரிங்கின் எதிர்ப்பை வென்று தட்டுகளை நெருக்க, பெல்ட் அவற்றின் விளிம்பை நோக்கி ஏறுகிறது; பெல்ட்டின் நீளம் மாறாது என்பதால் மறுமுனையில் அது இரண்டாம் கிளட்ச்சின் தட்டுகளை விரித்துக்கொண்டு உள்நோக்கி இறங்குகிறது. இரண்டாம் கிளட்ச்சில் ஒரு ஸ்பிரிங்கோடு, ஹீலிக்ஸ் எனப்படும் சரிவு வெட்டிய உருளையும் உண்டு. மேட்டில் ஏறும்போது சக்கரத்தின் சுமை கூடினால், அந்தச் சரிவு முறுக்குவிசையைப் பக்கவாட்டு அழுத்தமாக மாற்றித் தட்டுகளை மீண்டும் நெருக்கி, தாழ்ந்த விகிதத்துக்குத் திருப்புகிறது. இவ்வாறு முதன்மைக் கிளட்ச் வேகத்தையும் இரண்டாம் கிளட்ச் சுமையையும் உணர்கின்றன. சீரமைப்பு என்பது இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்வதே ஆகும்.

அதற்கான அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தி நீண்ட சமதளத்தில் ஓட்டும்போது, இன்ஜின் தன் உச்சத் திறனைத் தரும் சுழற்சி வேகத்திலேயே நிலைத்து நிற்க, வண்டியின் வேகம் மட்டும் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, உச்சத் திறன் 6,500 ஆர்பிஎம்மில் கிடைக்கும் இன்ஜின் 6,900இல் ஓடினால் எடைக்கரங்கள் இலேசாக உள்ளன. 6,000ஐத் தாண்டவே தயங்கினால் அவை கனமாக உள்ளன. பெல்ட் சூடேறிய பிறகே இதை அளக்க வேண்டும். எடையைக் கூட்டினால் சுழற்சி வேகம் குறையும், குறைத்தால் கூடும் என்ற இவ்விதி எளியதாயினும், எடை குறையும்போது பெல்ட்டைப் பிடிக்கும் அழுத்தமும் குறைவதால், எடையை மட்டும் வெட்டிக்கொண்டே போவது வழுக்கலில் கொண்டுபோய்விடும். பெரிய டயர் மாட்டியவர்களும் மலைப்பகுதியில் ஓட்டுபவர்களும் இதை மறக்கலாகாது. கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடுவதால், சமவெளியில் சரியாக இருந்த எடை அங்கே இன்ஜினைத் திணறடிக்கும்.

முதன்மை ஸ்பிரிங்கின் தொடக்க இறுக்கம், எந்தச் சுழற்சி வேகத்தில் பெல்ட் பிடிபட்டு வண்டி நகரும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாம் கிளட்ச்சின் ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் விகிதம் மெதுவாக உயர்ந்து, ஏற்றத்தில் விரைவாகத் தாழும். ஹீலிக்ஸின் கோணத்தைச் செங்குத்தாக்கினால் இதற்கு நேர்மாறாக விகிதம் விரைந்து உயர்ந்து, சுழற்சி வேகம் விழும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, ஓட்டிப் பார்த்து, குறித்துக்கொண்ட பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டால் எந்த மாற்றம் எந்த விளைவைத் தந்தது என்று பிறகு கண்டுபிடிக்க இயலாது.

பழுதறிதலில் முதலில் பார்க்க வேண்டியது கழற்றிய பெல்ட். அறுந்ததைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுவது பரவலான வழக்கமாயினும், காரணம் நீங்காத வண்டியில் புதிய பெல்ட்டும் அதே கதியை அடையும். பெல்ட்டில் ஓர் இடம் மட்டும் குடைந்து இடை சிறுத்திருந்தால், வண்டி நகர முடியாமல் சிக்கியிருந்தபோதோ உயர் கியரில் பாரம் இழுத்தபோதோ ஆக்சிலரேட்டரை அழுத்தியிருக்கிறார்கள் என்பது உறுதி. அந்த இடம் கப்பியைக் கடக்கும் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி தடதடவென்று அதிரும். பக்கங்கள் கண்ணாடி போல் பளபளத்தால் அது தொடர்ச்சியான வழுக்கலின் அடையாளம். ஓர் ஓரத்தில் மட்டும் நூல் பிரிந்திருந்தால் இரு கிளட்ச்சுகளும் ஒரே கோட்டில் இல்லை. பெரும்பாலும் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் தாங்கிகள் தேய்ந்திருக்கும். சீராகவே தேய்ந்து அகலம் குறைந்த பெல்ட், முதன்மைக் கிளட்ச் வழக்கத்தைவிட அதிகம் நெருங்கிய பிறகே பிடிபடும் என்பதால், புறப்பாடு தாமதமாகும். உச்ச வேகமும் குறையும். வெர்னியர் காலிப்பரால் அகலத்தை அளந்து, தயாரிப்பாளர் தரும் தேய்மான எல்லையோடு ஒப்பிட்டால் இது ஐயமறத் தெரிந்துவிடும்.

பெல்ட்டைக் கொல்வது பெரும்பாலும் வெப்பமே. மணிக்கு சுமார் 11 கிலோமீட்டருக்குக் குறைவாக ஊரும் இடங்களிலும் பாரம் இழுக்கும்போதும் தாழ்ந்த கியரையே பயன்படுத்துமாறு போலாரிஸ் கையேடுகள் அறிவுறுத்துவது இதனால்தான். கிளட்ச் பெட்டிக்குள் காற்று வந்துபோகும் குழாய்கள் சேற்றால் அடைபட்டாலும் இதே விளைவு நேரும். ஆழமான நீரைக் கடந்த பின் இன்ஜின் இரைந்தும் வண்டி நகராமல் நின்றால் பெல்ட் நனைந்திருக்கிறது. பெட்டியின் அடியில் உள்ள வடிகால் அடைப்பானைத் திறந்து நீரை வெளியேற்றி, நியூட்ரலில் சிறிது நேரம் இன்ஜினை ஓட்டினால் அது உலர்ந்துவிடும்.

போலாரிஸ் முறைக்கு மாறாக, யமஹாவின் அல்ட்ராமேட்டிக் அமைப்பில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்க, எண்ணெயில் நனைந்த மையவிலக்குக் கிளட்ச் ஒன்று புறப்பாட்டு வழுக்கலை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே அத்தகைய வண்டி புறப்படும்போது உதறினால் பெல்ட்டை விட்டுவிட்டு அந்தக் கிளட்ச்சின் ஷூக்களைப் பார்க்க வேண்டும். இறக்கத்தில் இன்ஜின் பிரேக் இல்லாமல் வண்டி உருண்டோடினால், இறக்கத்தில் சக்கரங்களை இன்ஜினோடு இணைத்துவைக்கும் ஒருவழித் தாங்கி பிடிக்காமல் போயிருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

புதிய பெல்ட் மாட்டுவதற்கு முன், தட்டுகளைத் தேய்ப்புத் துணியாலும் ஆல்கஹாலாலும் துடைத்து, பெல்ட்டைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்துவது நல்லது. அச்சில் வார்க்கும்போது பூசப்படும் வழவழப்பான பொருள் அப்போதுதான் நீங்கும். தட்டுகளின் முகத்தில் கிரீஸ் ஒரு துளியும் படலாகாது. பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசையை நோக்கியிருக்க வேண்டும். கிளட்ச்சுகளுக்குள் உள்ள ஸ்பிரிங்குகள் பலத்த அழுத்தத்தில் இருப்பதால், அவற்றை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் எவரும் பிரிக்க முற்படக் கூடாது. மூடியைக் கழற்றிய நிலையில் இன்ஜினை முடுக்குவதும் அதே அளவு ஆபத்தானது.