ஈரத்துணியில் முளைத்த பச்சை

2022 ஜூன். பெற்றோலுக்கு ஒரு வரிசை, காஸுக்கு ஒரு வரிசை. திருகோணமலை உட்துறைமுக வீதிக்குக் கிட்ட, ஒரு மேல்மாடி அறையில் நாங்கள் நாலு பேர். மூன்று நேரமும் சோறும் பருப்பும்தான். சந்தையில் மரக்கறி விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பி வந்த நாட்கள் அவை. வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். எங்களிடம் லீவு இருந்தது, தோட்டம்தான் இல்லை. ஒரு யன்னல் இருந்தது.

“வாட்டர்கிரெஸ் போடுவமா?” என்றாள் எங்களில் ஒருத்தி. நுவரெலியாப் பக்கத்துக் குளிர்தண்ணிக்குப் பழகிய கீரை அது. எங்கள் ஊர் வெக்கைக்குச் சரிவராது. அதனால் அதன் சொந்தக்காரனைப் பிடித்தோம்: கடுகு. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம், அந்த உறைப்பும் ஒன்றுதான். கடுகை ஓரிரவு ஊறவைத்து, ஒரு தட்டில் ஈரத்துணி விரித்துத் தூவினோம். காலையும் மாலையும் தண்ணி தெளிக்க வேண்டும், தேங்கவிட்டால் நாறும். மூன்றாம் நாள் முளை வந்தது. ஒரு கிழமையில் விரல் உயரப் பச்சை. கத்தரிக்கோலால் வெட்டிச் சோற்றுக்கு மேலே போட்டுச் சாப்பிட்டோம்.

இதைத்தான் 18ஆம் நூற்றாண்டில் பிரித்தானியக் கடற்படைக்கு ஒரு வைத்தியர் சொல்லியிருக்கிறார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அந்தக் கடற்படை ஆசைப்பட்டுப் பிடித்த துறைமுகம் எங்கள் யன்னலுக்கு எதிரேதான் கிடக்கிறது.

பாய்க்கப்பல் காலத்தில் மாலுமிகளைப் பீரங்கியைவிட அதிகமாகக் கொன்றது ஸ்கர்வி. மாதக்கணக்கில் காய்ந்த பிஸ்கட்டும் உப்பிறைச்சியும் மட்டும் தின்றால் முரசு வீங்கி இரத்தம் கசியும், பல் ஆடும், ஆறின பழைய காயம்கூடத் திறக்கும். விற்றமின் சி இல்லாததுதான் காரணம் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 1747இல் ‘சோல்ஸ்பரி’ என்ற கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற வைத்தியர், நோயாளிகள் 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான மருந்து கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் சாப்பிட்ட இரண்டு பேரும்தான் சட்டென்று தேறினார்கள். 1753இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். கப்பலிலேயே ஈரக் கம்பளியில் கிரெஸ் விதை தூவிப் பச்சை வளர்க்கலாம் என்பதும் அவருடைய யோசனைதான். 1775 குளிர்காலத்தில் வட அமெரிக்காவிலிருந்த பிரித்தானியப் படைக்குக் கடுகு விதையும் கிரெஸ் விதையும் அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் கடற்படை முழுவதுக்கும் இது உத்தரவாக வரவில்லை. லிண்ட்கூட எலுமிச்சைச் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்துச் சேமிக்கச் சொன்னார். அந்தச் சூட்டிலேயே சத்தின் பெரும்பகுதி போய்விடும்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். 1782 ஜனவரியில் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதைப் பறித்துக்கொண்டார். அடுத்த வருஷம், 1783 ஜூன் 20ஆம் திகதி, கடலூருக்கு முன்னால் இரண்டு கடற்படைகளும் மோதின. மோதலுக்குப் பிறகு பிரித்தானியத் தளபதி ஹியூஸ் மெட்ராசுக்குத் திரும்பிப்போனார். தண்ணிக்குத் தட்டுப்பாடு, ஆட்களில் கனபேருக்கு ஸ்கர்வி.

பதினொரு வருஷம் கழித்து, 1794இல், ரெய்னியர் என்ற தளபதியின் ‘சஃபோக்’ கப்பல் இங்கிலாந்திலிருந்து மெட்ராசுக்கு 23 கிழமை கரை தொடாமல் வந்தது. ஒவ்வொரு நாளும் ஆளுக்கு அளந்து சீனி போட்ட எலுமிச்சைச் சாறு. இடையில் சிலருக்கு ஸ்கர்வி தலைகாட்டியபோது அளவைக் கூட்டினார்கள், மாறிவிட்டது. மெட்ராசில் இறங்கும்போது ஒரு ஸ்கர்வி நோயாளிகூட இல்லை. அடுத்த வருஷம் ஓகஸ்டில் அதே ரெய்னியரும் தரைப்படைத் தளபதி ஸ்டூவர்ட்டும் சேர்ந்து திருகோணமலைக் கோட்டைகளைப் பிடித்தார்கள். கடற்படை முழுவதுக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க முடிவானதும் அந்த 1795இல்தான். லிண்டின் புத்தகம் வந்து 42 வருஷம்! 1957 வரை பிரித்தானியக் கடற்படை எங்கள் துறைமுகத்தை விட்டுப் போகவில்லை.

கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டை வாசலையும் பீரங்கியையும் மான்களையும் எல்லாரும் பார்க்கிறோம். தேசிக்காய்ச் சாற்றுக்கு நினைவுக்கல் இல்லை. ‘விஞ்ஞானம் வென்றது’ என்று இந்தக் கதையை இதோடு முடித்துவிடலாம்தான். எங்களுக்கு அப்படி முடிக்க மனமில்லை.

ஏனென்றால் 1916இல், அதே சாம்ராச்சியத்தின் இந்தியச் சிப்பாய்களுக்கு மெசப்பொத்தேமியாவில் ஸ்கர்வி வந்தது. கூட் நகர முற்றுகை 147 நாள். சிப்பாய்களின் ரேஷன் பெரும்பாலும் மா, பருப்பு, நெய். குதிரை இறைச்சியை அவர்களில் கனபேர் நீண்ட நாட்களாகத் தொடவில்லை. 120 வருஷத்துக்கு முன்பே தெரிந்த விசயம், ஆனால் அவர்களுடைய தட்டுக்கு வந்துசேரவில்லை. அந்தப் போர்க்காலத்தில் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக் என்ற ஆய்வாளரும் அவருடைய தோழிகளும் ஒன்றைக் காட்டினார்கள். காய்ந்த பயறு ஸ்கர்வியைத் தடுக்காது, ஆனால் ஊறவைத்து முளைக்கவிட்டால் அதே பயறு தடுக்கும். முளைக்கும்போதுதான் அந்தச் சத்து உண்டாகிறது. நீளமாக அவித்தால் திரும்பவும் குறைந்துவிடும்.

இதை அறையில் கதைத்துக்கொண்டிருந்தபோது எங்களோடு படிக்கிற ஒரு பிள்ளை சிரித்தாள். சம்பூரிலிருந்து 2006இல் இடம்பெயர்ந்த குடும்பம் அவளுடையது. கிளிவெட்டி முகாமில் வருஷக்கணக்காக இருந்தார்கள். நிவாரணமாக அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். “பயறு கிடைச்சா அம்மா பழைய சாரத்துண்டை நனைச்சு அதுக்குள்ள கட்டி வைப்பா. முளைச்சதும் தேங்காய்ப்பூ போட்டுத் தருவா. ஏனெண்டு நாங்கள் கேட்டதில்லை.”

கப்பலிலும் கூட் நகரத்திலும் முகாமிலும் ரேஷன் எழுதியவர்கள் வயிறு நிரம்புமா என்றுதான் கணக்குப் பார்த்தார்கள். கெட்டுப்போகாத, மூட்டையில் அடுக்கக்கூடிய சாமான்தான் அந்தக் கணக்கில் வரும். பச்சை வராது. அதைச் சாப்பிட வேண்டியவர்கள்தான் ஈரத்துணியைத் தேடினார்கள். லிண்டுக்கும் சிக்குக்கும் புத்தகத்தில் பெயர் இருக்கிறது. அந்த அம்மாவின் சாரத்துண்டை யாரும் பதியவில்லை. அதனால் நாங்கள் இங்கே பதிகிறோம்.

உங்கள் வீட்டிலும் 1990ஐயோ 2006ஐயோ 2022ஐயோ சமாளித்த ஒரு அம்மம்மாவோ பெரியம்மாவோ இருப்பா. அந்த நாட்களில் என்ன சமைத்தீர்கள், எதை முளைக்கப் போட்டீர்கள் என்று ஒருக்கால் கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் யன்னல் தட்டில் இப்போது பயறு இருக்கிறது. நாளைக்கு முளைத்துவிடும்.