கம்பம், கம்பி, பனை

முப்பத்தி நாலு வயசில், திண்டிவனத்தில் ஒரு ஜிம்மில், தலைக்கு மேலிருந்த கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். தொங்கியதோடு சரி. ஒரு புல்லப்புக்காக முழு உடம்பும் துடித்தது, முகவாய் மட்டும் கம்பி பக்கம் போகவேயில்லை. பக்கத்தில் ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் பையன் ஒருவன் இருந்தான். அவர்கள் இதை ‘பீம்’ என்பார்கள். பத்து எடுத்தால் முழு மதிப்பெண், 40. அவன் பத்தை முடித்துக் குதித்துவிட்டுச் சொன்னான்: “அண்ணா, மேல போறத விடுங்க. ஸ்டூல் போட்டு மேல நின்னுக்குங்க. அங்கேர்ந்து மெதுவா எறங்கப் பழகுங்க.”

அதில் விஷயம் இருக்கிறது. தூக்க முடியாத எடையைக்கூடத் தசையால் தாங்கி இறக்க முடியும். அதனால் முதலில் வெறுமனே தொங்க வேண்டும், பிடி பழகும். அப்புறம் கை மடங்காமல் தோள்பட்டையை மட்டும் கீழே இழுக்க வேண்டும். பிறகு ஐந்து நொடி எண்ணி இறங்க வேண்டும். முதல் சில வாரங்களில் கூடுகிற பலம் பெரும்பாலும் தசை பெருத்து வருவதல்ல, நரம்பு கற்றுக்கொள்வது. என் தொழில் பாஷையில் சொன்னால், ஹார்டுவேர் அதேதான், டிரைவர் அப்டேட் ஆகிறது.

இந்தக் கம்பி எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஜெர்மனிக்குப் போகிறோம். 1811இல் பெர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைடே என்ற இடத்தில் ஃப்ரீட்ரிஷ் லுட்விக் யான் ஒரு திறந்தவெளி உடற்பயிற்சிக் களம் அமைத்தார். நெப்போலியனிடம் தோற்ற நாட்டின் இளைஞர்களை உறுதியாக்குவது அவர் நோக்கம். அந்த மரபு நம் பக்கம் வர நூறு வருஷம் ஆனது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார்.

அதற்கு முன் நம்மிடம் எதுவும் இல்லையா? திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுப்புரம். தமிழ்நாட்டில் மல்லர் கம்பம் என்றால் முதலில் சொல்லப்படும் ஊர் அதுதான். இங்கே அதைப் பரப்பியவர் என்று பயிற்சியாளர் உலகதுரையின் பெயரைச் சொல்வார்கள். நட்டுவைத்த வழுவழு மரத்தில் விளக்கெண்ணெய் தடவி, அதில் ஏறி, தொடையிடுக்கில் பிடித்து, தலைகீழாக ஆசனம் போடுகிறார்கள். எட்டு வயசுப் பிள்ளைகள் செய்வதைப் பார்த்தால் என் ஜிம் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கத் தோன்றும்.

மல்லர் கம்பம் பல்லவர் காலத்துக் கலை என்று சொல்வது வழக்கம். நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்ற பட்டம் இருந்தது உண்மை. விழுப்புரம் மாவட்டத்திலேயே, மண்டகப்பட்டில் அவன் அப்பா மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலில் தண்டத்தின் மேல் சாய்ந்து நிற்கும் வாயில்காவலர்களின் தோளைப் பார்த்தால் அந்தக் காலம் உடம்பை எப்படி மதித்தது என்று புரியும். ஆனால் பட்டத்தை வைத்து மல்யுத்தத்துக்கு மரியாதை இருந்தது என்று சொல்லலாம், கம்பம் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. கம்பத்துக்கு எழுத்துச் சான்றாகக் காட்டப்படுவது 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேஸ்வரன் தொகுத்த மானசோல்லாசம். பிறகு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் ஆசான் பாலம்பட்ட தாதா தேவதர் அதற்கு மறுவாழ்வு கொடுத்தார். 2019இல் மும்பையில் உலகச் சாம்பியன்ஷிப்பே நடந்தது.

ஆக, கம்பிக்கு ஜெர்மனி, கம்பத்துக்கு ராஜா. இதைப் பெருமையாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆயா குறுக்கே வந்தது.

“உங்க தாத்தா ஏறாத மரமா?”

அப்பா சட்டென்று டிவி சத்தத்தைக் கூட்டினார். தாத்தா பனையேறி. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட ‘விவசாயம்’ என்றுதான் சொன்னோம். நானே அப்படித்தான் சொன்னேன்.

அன்றைக்கு விடாமல் கேட்டேன். காலில் தளநார், கையில் அந்த மரம், இடுப்பில் பாளை அரிவாளும் குடுவையும். “நாளைக்கு இருவது மரம், காலைல ஒருவாட்டி, சாயந்திரம் ஒருவாட்டி” என்றது ஆயா. மரம் 50 அடி என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 2,000 அடி. செஞ்சி ராஜகிரிக் கோட்டை சுமார் 800 அடி. அதாவது தினமும் இரண்டரை ராஜகிரி, படிக்கட்டு இல்லாமல். சீசன் முழுக்க. நெஞ்சில் அவருக்கு இருந்த தடிப்பை நான் சின்ன வயசில் ஏதோ தோல் வியாதி என்று நினைத்திருந்தேன். அது மரம் உரசி உரசிக் காய்த்த இடம்.

1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தது. பதநீர் இறக்கலாம், ஆனால் அது சீக்கிரம் புளிக்கும், சுண்ணாம்பும் அவசரமும் வேண்டும், விலையும் நிற்காது. தாத்தா கரும்பு வெட்டப் போனார். பனையை நாம் மாநில மரமாக வைத்திருக்கிறோம். திண்டிவனம் என்ற பெயரே திந்திரிணி வனம், புளியங்காடு. மரத்துக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்த ஊர்கள்தான் நம்முடையவை. ஏறியவனைத்தான் வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்தோம். அரசவையில் ஏறினால் அது கலை, மைதானத்தில் ஏறினால் விளையாட்டு, வயிற்றுக்கு ஏறினால் பெண் வீட்டில் சொல்லக்கூடாத தொழில். இழுக்கிற தசை மூன்றுக்கும் ஒன்றேதான்.

“ஏர்றதுல ஒண்ணும் இல்லடா” என்றது ஆயா. “எறங்கறப்பதான் பயம். கை சோந்து போயிருக்கும், குடுவை நெறஞ்சிருக்கும். எறங்கத் தெரிஞ்சவன்தான் பனையேறி.”

ஜிம் பையன் சொன்ன அதே பாடம். எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

பதினோராவது வாரம் என் முகவாய் கம்பியைத் தாண்டியது. பையன் அதை வீடியோ எடுத்தான். வீட்டுக்கு வந்து ஆயாவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கி முழுசாகப் பார்த்துவிட்டுக் கேட்டது:

“ஒண்ணுதானா?”