துருக்கி மிட்டாயும் ஒல்லாந்து வீடுகளும்



"இந்தச் சனம் எப்பவுமே இப்படித்தான். இவைக்குக் கட்டுப்பாடு எண்டு ஒண்டு இருந்ததே இல்லை." டச்சுக்காரரைப் பற்றி எங்கள் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வளர்ந்த பிள்ளைகளோடு வாக்குவாதம் வரும்போது இன்னும் பலமாகக் கேட்கும். சரித்திரப்படி இது சரியா என்று பார்க்க, 1973 இல் நெதர்லாந்தில் வெளிவந்த ஒரு காதல் படத்தை இம்மாதப் பேச்சுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

படத்தின் பெயர் "துர்க்ஸ் ஃப்ரெய்ட்". அதாவது துருக்கி மிட்டாய். எங்களுடைய மஸ்கற்றைப் போல மெதுமெதுவென்று இருக்கும், மேலே மாச்சீனி தூவிய இனிப்பு. யான் வொல்கர்ஸ் 1969 இல் எழுதிய நாவலைப் போல் வெர்ஹூவன் படமாக்கினார். ருட்கர் ஹவுவர் கதாநாயகன். கதாநாயகி மொனிக் வன் த வென்னுக்கு இதுவே முதற் படம்.

எரிக் ஒரு சிற்பி, முரடன். வீதியோரம் நின்று கைகாட்டி ஏறிய காரில் ஒல்காவைச் சந்திக்கிறான். அவள் வசதியான கடைக்காரர் வீட்டுப் பெண். தகப்பனுக்கு மருமகனைப் பிடிக்கும், தாய்க்குக் கண்ணில் காட்டக்கூடாது. கலியாணம் நடக்கிறது, தகப்பன் இறக்கிறார், பிறகு அவளும் இவனை விட்டுப் போய்விடுகிறாள். உடம்பை மறைக்காத காட்சிகள் படத்தில் நிறைய உண்டு. பிள்ளைகளையும் மாமியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிற படம் அல்ல என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இனிக் கணக்கு. அது என் தொழில், பொறுத்துக்கொள்ளுங்கள். 1973 இல் நெதர்லாந்தின் சனத்தொகை ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம். இந்தப் படத்துக்கு விற்பனையான நுழைவுச்சீட்டுகள் ஏறத்தாழ 33 இலட்சம். நாட்டில் நாலில் ஒருவர் பார்த்தார் என்று பலரும் எழுதுவார்கள். சீட்டு வேறு, ஆள் வேறு. இரண்டு தரம் பார்த்தவர்களும் இருப்பார்கள். அதைக் கழித்தாலும் சிறிய தொகை அல்ல. டச்சுப் படங்களில் அந்த எண்ணிக்கையை இதுவரை எதுவும் தாண்டவில்லை.

இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்? அதற்குப் பழைய நெதர்லாந்தைத் தெரிய வேண்டும். 1960கள் வரைக்கும் இந்த நாடு "தூண்கள்" என்று அவர்களே அழைத்த பிரிவுகளாக வாழ்ந்தது. கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர், சோசலிசவாதிகள் என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பள்ளிக்கூடம், தனிப் பத்திரிகை, தனித் தொழிற்சங்கம், தனி விளையாட்டுக் கழகம். வேறு தூணில் பெண் எடுப்பது பெரிய பிரச்சினை. வானொலியும் அப்படித்தான். கே.ஆர்.ஓ. கத்தோலிக்கருடையது, என்.சி.ஆர்.வி. புரட்டஸ்தாந்தருடையது, வாரா சோசலிசவாதிகளுடையது. 1954 இல் ஆயர்கள் சுற்றுமடல் எழுதி, கத்தோலிக்கர் வாரா வானொலியைத் தொடர்ந்து கேட்பது தகாது என்று அறிவித்தார்கள். ஒலிவாங்கிக்கு முன் இருக்கிற எனக்கு, இதைப் படித்தபோது நேயர்களை இழந்த அந்த அறிவிப்பாளர்கள்மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது.

புரட்டஸ்தாந்து வீடுகளில் கண்டிப்பு இன்னும் அதிகம். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706 இல் ஒல்லாந்தர் கட்டி, பின்னர் எங்கள் போரில் அழிந்துபோன தேவாலயத்தை நினைவிருக்கும். அந்தச் சீர்திருத்தச் சபையின் வழிவந்த நம்பிக்கைதான் இது. ஞாயிறு ஓய்வுநாள், சாப்பாட்டு மேசையில் வேதாகம வாசிப்பு, வீட்டில் தகப்பன் சொல்லே சட்டம். வொல்கர்ஸ் 1925 இல் ஊக்ஸ்கீஸ்டில் அப்படியொரு பலசரக்குக் கடைக்காரரின் பெரிய குடும்பத்தில் பிறந்தார். பிற்காலத்தில் அவர் எழுதிய கோபம் முழுவதும் அந்த மேசையில் ஊறியது என்பது என் எண்ணம்.

சுவர் ஒரே நாளில் விழவில்லை. 1967 இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இளம் பெண் ஒருவர் ஆடையின்றித் தோன்றியபோது நாடாளுமன்றம் வரை பேச்சு போனது. ஒளிபரப்பிய வி.பி.ஆர்.ஓ., தாராளப் போக்குள்ள புரட்டஸ்தாந்தர் தொடங்கிய நிறுவனம்! ஆறு வருடம் கழித்துத் துருக்கி மிட்டாய் வந்தது.

என்னோடு வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒரு டச்சுப் பெண்மணியின் தகப்பனார் சபை மூப்பர். படம் வந்தபோது அவருக்கு 19 வயது. சினேகிதி வீட்டில் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பக்கத்து ஊர்ப் படமாளிகைக்குச் சைக்கிளில் போயிருக்கிறார். யாரோ கண்டு சொல்லிவிட்டார்கள். தகப்பன் மூன்று மாதம் மகளோடு கதைக்கவில்லை. தாய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, "அப்பாவுக்குச் சாப்பாடு வைத்திருக்கு எண்டு சொல்லு" என்ற மாதிரி அழுதுகொண்டு திரிந்தாராம். இதைக் கேட்டபோது அந்நிய வீட்டுக் கதையாக எனக்குப் படவில்லை.

எங்களில் முதலாவதாகக் கணிசமான தொகையினர் இங்கு வந்தது 1984, 85 இல். அந்த மூன்று மாத மௌனத்துக்கும் எங்கள் வருகைக்கும் இடையில் பன்னிரண்டு வருடம்கூட இல்லை. நாங்கள் கண்டது அப்போதுதான் பிளவுபட்டு, இன்னும் காயம் ஆறாத வீடுகளை. எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை; அவர்களும் சொல்லவில்லை.

பரபரப்புக்காக முதற் கிழமை சனம் வந்திருக்கும். மாதக்கணக்காக வரவைத்தது பிற்பகுதி என்றே நினைக்கிறேன். பிரிந்துபோன ஒல்காவை எரிக் மீண்டும் காணும்போது அவள் மூளைக் கட்டியால் பாதிக்கப்பட்டிருக்கிறாள். கடினமானதைக் கடித்தால் பற்கள் விழுந்துவிடும் என்ற பயம் அவளுக்கு. அதனால் எரிக் ஆஸ்பத்திரிக்குத் துருக்கி மிட்டாய் வாங்கிக்கொண்டு போகிறான். முடி போன தலைக்குப் பொய்முடி கொண்டுபோகிறான். அவ்வளவு நேரமும் சத்தம் போட்டுத் திரிந்தவன் கட்டிலருகில் பொறுமையாக இருக்கிறான். சபை மூப்பரின் மகளும் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆடையில்லாக் காட்சிகளைப் பற்றி அவர் ஒரு வசனமும் பேசவில்லை.

படம் ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 1974 இல் விருது த்ருஃபோவின் பிரெஞ்சுப் படத்துக்குப் போனது. 1999 இல் நெதர்லாந்துத் திரைப்பட விழா இதை நூற்றாண்டின் சிறந்த டச்சுப் படமாகத் தேர்ந்தது. வொல்கர்ஸ் 2007 இலும் ஹவுவர் 2019 இலும் காலமானார்கள். வொல்கர்ஸும் சிற்பிதான். அம்ஸ்டர்டாம் வெர்தைம் பூங்காவில் உடைந்த கண்ணாடிகளால் ஆன அவுஸ்விட்ஸ் நினைவுச்சின்னம் அவர் செய்தது. அந்தப் பக்கம் போனால் குனிந்து பாருங்கள், வானம் துண்டு துண்டாகத் தெரியும்.

படம் பார்க்கத் தயங்குபவர்கள் இசையையாவது கேட்கலாம். ரொகியர் வன் ஒட்டர்லோ அமைத்த இசைக்கு, மௌத் ஓர்கன் வாசித்தவர் பெல்ஜியக் கலைஞர் டூட்ஸ் தீலமன்ஸ். அடுத்த ஞாயிறு மாலை எங்கள் நிகழ்ச்சியில் அதை ஒலிபரப்புகிறோம்.