ஞாயிறு வேலைநாளாயிருந்த காலம்

நூற்றாண்டு மலரில் கட்டடங்களும் அதிபர்களும் பரிசளிப்பு விழாக்களும் இடம்பெறுவது வழக்கம். பழைய மாணவிகளாகிய நாம் இங்கே நினைவுகூர விரும்புவது, நமது அம்மாமாரும் பெரியம்மாமாரும் படித்த காலத்தில் இந்நாட்டின் நாட்காட்டிக்கு நேர்ந்த ஒரு மாற்றத்தை. 1966 ஜனவரி முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாளாக இருக்கவில்லை.

டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் ஞாயிறுக்குப் பதிலாகப் போயா தினங்களை வார விடுமுறையாக்கியது. பறுவம், அமாவாசை, இடையில் வரும் இரண்டு அரைநிலா நாட்கள் என மாதத்துக்கு நான்கு. போயாவுக்கு முதல்நாள் அரைநாள் விடுமுறை. ஒரு பறுவத்திலிருந்து மறு பறுவத்துக்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாட்கள் செல்வதால், சில வாரங்கள் ஏழு நாளாகவும் சில எட்டு நாளாகவும் அமைந்தன. ஞாயிறும் போயாவும் ஒன்றாய் வருவது ஏறக்குறைய ஏழு தடவைக்கு ஒன்றுதான். மற்ற ஞாயிறுகளில் கந்தோர்களும் பாடசாலைகளும் இயங்கின.

இதை அநீதி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஞாயிறு ஓய்வு ஐரோப்பியர் ஆட்சியோடு வந்தது. பௌத்தருக்கு வெசாக் விடுமுறை 1885இலேதான் கிடைத்தது. அந்தக் கதை கொட்டாஞ்சேனையில் தொடங்குகிறது. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று அங்கே பௌத்த ஊர்வலமொன்றைக் கத்தோலிக்கர் தாக்கியதில் கலவரம் மூண்டது. பௌத்தருக்கு நீதி கேட்டு கேணல் ஒல்கொட் 1884இல் லண்டன் சென்றார். அவர் கொண்டுபோன கோரிக்கைகளுள் வெசாக் விடுமுறையும் ஒன்று. நாம் இயல்பென்று எண்ணிய ஞாயிறு, அயலவர் பலருக்கு ஆட்சியாளரின் நாளாகவே தெரிந்திருக்கிறது.

போயா வாரம் வந்தபோது கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் என்ன நடந்தது என்பதை மூத்த மாணவிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஞாயிறு விடியற்பூசைக்குச் சீருடையோடு போய், கோயிலிலிருந்து நேரே பாடசாலைக்கு வருவார்களாம். அப்பாமார் வேலை முடிந்து மாலைப் பூசைக்குப் போவார்களாம். மாலைப் பூசை கைகொடுத்ததற்கு ஒரு காரணமுண்டு. முன்னர் நற்கருணை வாங்குவோர் நள்ளிரவு முதல் உபவாசம் இருக்கவேண்டும். 1950களில் அந்த ஒழுங்கு தளர்ந்தது. 1964 நவம்பரில் பாப்பரசர் ஆறாம் பவுல் அதை ஒரு மணித்தியாலமாகக் குறைத்தார்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்ற ஏட்டை 1965 டிசம்பர் 7ஆம் திகதி வெளியிட்டது. அடுத்த மாதமே இங்கு போயா வாரம் தொடங்கியது. விசுவாசம் ஒருபுறமும் அன்றாட வாழ்வு மறுபுறமுமாகப் பிரிந்து கிடப்பதை இக்காலத்தின் பெரிய தவறுகளுள் ஒன்றாக அந்த ஏடு கண்டது. குடும்பத்துக்காக உழைப்போர் படைத்தவரின் பணியையே தொடர்கிறார்கள் என்றது. அவர்களுக்குக் குடும்பத்தோடும் சமயத்தோடும் கழிக்கப் போதிய ஓய்வு வேண்டும் என்றும் சொன்னது. ஞாயிறன்று வகுப்பிலிருந்து கணக்குச் செய்த பிள்ளைக்கு, அதுவும் ஆண்டவருக்கு முன்னால் செய்யும் காரியமே என்று யாராவது சொல்லவேண்டியிருந்த காலம் அது.

நம்முள் வைத்தியர்களும் தாதியருமாக இருப்போருக்கு ஞாயிறு வேலை புதிதல்ல. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. காயப்பட்டோர் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். அன்று அங்கே வேலை செய்தவர்கள் ஞாயிறை மீறினார்கள் என்று யார் சொல்வார்? ஓய்வுநாளில் நோயாளரைக் குணமாக்கியதற்காக இயேசுவும் குறை கேட்டவர்தானே.

வேலையைப் புனிதம் என்று சொல்வது இலகு. ஓய்வை யாருக்குக் கொடுக்கிறோம் என்பது அதைவிடக் கடினமான கேள்வி. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் கடை, கந்தோர் ஊழியருக்கு வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை கொடுத்தது. வீட்டு வேலைக்கு நின்றவர்கள் அதற்குள் அடங்கவில்லை. மலையகத்திலிருந்து கொழும்பு வீடுகளுக்கு வந்த சிறுமிகளுக்கு ஞாயிறானாலும் போயாவானாலும் அடுப்படி ஒன்றுதான். பூசை முடிந்து வருவோருக்கான ஞாயிறுச் சமையல் மற்ற நாட்களைவிடப் பெரிது. அதற்குத் தேங்காய் துருவியவர்களும் ஆண்டவரின் பிள்ளைகள்.

1971இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் ஞாயிறை மீண்டும் விடுமுறையாக்கியது. நாட்காட்டி வெளியுலக வர்த்தகத்தோடு ஒத்துப்போகாதது அதற்கு முக்கிய காரணம். பறுவப் போயாவும் விடுமுறையாகவே நிலைத்தது. இரண்டுக்கும் இடமளிக்கும் அந்த ஏற்பாடே இன்றும் நடக்கிறது.

இன்று வெள்ளவத்தையில் ஞாயிறு காலையிலேயே பிள்ளைகள் ரியூசன் வகுப்புக்கு நடக்கிறார்கள். எந்த அரசாங்கமும் அப்படிக் கட்டளையிடவில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள தோழியர் சிலர் ஞாயிறன்று இரண்டாவது வேலைக்குப் போகிறார்கள். வீட்டுக் கடனும் பரீட்சைப் போட்டியும் எவ்வளவு நெருக்குகின்றன என்பது நமக்குத் தெரியும். நாம் வைத்தியசாலைகளில் காணும் நித்திரையின்மைக்கும் தலையிடிக்கும் ஓயாத வேலையும் ஒரு காரணம் என்பதும் தெரியும்.

விடுமுறை இல்லாத காலத்தில் நமது மூத்தவர்கள் கிடைத்த ஒரு மணித்தியாலத்தை ஆண்டவருக்கென்று ஒதுக்கினார்கள். விடுமுறை உள்ள நாம் வாரத்தில் ஓர் அரைநாளையாவது ஒதுக்கலாம்: பிள்ளைக்குப் பாடம் இல்லை, அம்மாவுக்கு அடுப்பு இல்லை, வீட்டில் வேலைக்கு நிற்பவர் விரும்பிய இடத்துக்குப் போய்வரக் கையில் பஸ் காசு. இதற்குச் சட்டமொன்றும் தேவையில்லை. வருகிற ஞாயிறே தொடங்கலாம்.