எஃகு ஆலைகளும் அதிபரின் எல்லையும்

அமெரிக்க அதிபர் நினைத்ததெல்லாம் நடக்கும் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். 1952ஆம் ஆண்டின் வரலாறு வேறு சொல்கிறது.

கொரியப் போர்க்காலம். எஃகுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் தளவாட உற்பத்தி தடைப்படுமென அஞ்சிய ட்ரூமன், ஏப்ரல் 8 அன்று ஆலைகளை அரசின் பொறுப்பில் எடுக்க ஆணையிட்டார். ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம், 6க்கு 3 என்ற கணக்கில், அவ்வாணை செல்லாதென்றது. எதிராகத் தீர்ப்பளித்தோருள் டாம் கிளார்க், ட்ரூமனே நியமித்தவர்.

நீதிபதி ஜாக்சன் ஓர் அளவுகோல் வகுத்தார். காங்கிரஸ் இசைந்தால் அதிபரின் அதிகாரம் உச்சத்தில்; அது மௌனம் காத்தால் ஐயத்துக்குரியது; அதன் விருப்பத்தை மீறினால் மிகத் தாழ்ந்த நிலையில்.

ட்ரூமன் ஆலைகளைத் திருப்பியளித்தார், வேலைநிறுத்தமும் நடந்தது. படைகளின் தலைவர், படையில்லாத நீதிமன்றத்துக்குப் பணிந்தார். சாசனத்தைக் காப்பது இத்தகைய பணிவும்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.