கண்டறி வரம்பும் களப் பயனும்

கொரோனாத் தொற்றைச் சில நிமிடங்களில் கண்டறியும் உயிருணரிகளைப் பற்றிய ஆய்வுரைகள் 2020 முதல் குவிந்துள்ளன. அவை பெரிதும் முன்னிறுத்துவது கண்டறி வரம்பை, அதாவது கருவி உணரக்கூடிய மிகக் குறைந்த செறிவை. நோயாளியின் அருகிலேயே பயன்படவேண்டிய கருவியை எடைபோட இந்த ஓர் எண் போதாது என்பதே என் வாதம்.

தென்கொரிய ஆய்வாளர்கள் 2020 ஏப்ரலில் 'ஏசிஎஸ் நானோ' இதழில் வெளியிட்ட கிராஃபீன் உணரியைப் பார்ப்போம். கிராஃபீன் தாளின்மேல் கொரோனா வைரசின் கூர்முனைப் புரதத்துக்கான எதிர்ப்பொருளைப் பொருத்தியிருந்தார்கள். புரதம் வந்து ஒட்டியதும் தாளில் ஓடும் மின்னோட்டம் மாறும், சாயம் தேவையில்லை. தாங்கல் கரைசலில் மில்லிலிட்டருக்கு 1 ஃபெம்டோகிராம் புரதத்தைக்கூட அது உணர்ந்தது. சளி மாதிரியை எடுத்துச்செல்லும் ஊடகத்தில் சோதித்தபோது வரம்பு 100 ஃபெம்டோகிராம் ஆயிற்று. நூறு மடங்கு சரிவு! ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. மேற்கோள்களில்தான் முதல் எண் முந்திக்கொள்கிறது. இவ்வகை உணரிகளுக்கு உப்பே பொதுப்பகை. உடல்திரவங்களில் டெபை நீளம், அதாவது மின்னேற்றத்தின் தாக்கம் எட்டும் தூரம், 1 நானோமீட்டருக்கும் குறைவு. எதிர்ப்பொருளோ சுமார் 10 நானோமீட்டர் உயரம். பிடிபட்ட புரதத்தின் மின்னேற்றத்தை அயனிகள் சூழ்ந்து மறைத்துவிடுகின்றன. மாதிரியை நீர்க்கச்செய்தால் மறைப்பு குறையும்; கூடவே வைரசின் செறிவும் குறையும்.

கண்டறி வரம்பைப் போலவே உணர்திறன் எண்ணும் தனியே போதாது. டெல்லியின் மரபணுவியல் ஆய்வு நிறுவனமான ஐஜிஐபி உருவாக்கிய 'ஃபெலுடா' என்ற காகிதப் பட்டைச் சோதனை 2020 செப்டம்பரில் 96% உணர்திறன் (தொற்றுள்ளவரைச் சரியாகக் காட்டும் விகிதம்), 98% தனித்தன்மையுடன் (தொற்றில்லாதவரைச் சரியாகக் காட்டும் விகிதம்) அனுமதி பெற்றது. காகிதப் பட்டையில் கோடு பார்ப்பது எளிது. ஆனால் அதற்குமுன் மரபுப்பொருளைப் பிரித்தெடுத்து, பி.சி.ஆர். கருவியில் பெருக்கியாக வேண்டும். ஆகவே பட்டை ஆய்வகத்தை விட்டு வெளியே வரவில்லை.

வெளியே வந்தது, மிகச் சாதாரணமான ஆன்டிஜென் பட்டை. 2020 ஜூன் 14 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரைத்த 'ஸ்டாண்டர்ட் கியூ'வின் உணர்திறன் இரு மதிப்பீடுகளில் 50.6% முதல் 84% வரைதான். 15 நிமிடத்தில் முடிவு. 30 நிமிடம் கடந்தால் பார்க்கக்கூடாது. அறிகுறி உள்ளவருக்கு 'இல்லை' என்று வந்தால் ஆர்.டி.-பி.சி.ஆர். அப்போது கட்டாயமாக இருந்தது. இத்தனை குறையுள்ளதற்கு என்ன மதிப்பு? தொற்றைப் பரப்பும் அளவுக்கு வைரஸ் மிகுந்திருக்கும் நாட்களில் பட்டை பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அடிக்கடி சோதிப்பதும் உடனே முடிவறிவதும் உணர்திறனைவிட முக்கியம் என்று தொற்றுநோயியலாளர் மைக்கேல் மீனாவும் சக ஆய்வாளர்களும் கணித மாதிரிகொண்டு காட்டியது இதனால்தான். தமிழ்நாடு 2020-இல் ஆர்.டி.-பி.சி.ஆரையே நம்பியது. தனி நோயாளியின் சிகிச்சைக்கு அது சரி. பரவலைத் தடுப்பதற்கோ, தாமதமாக வரும் துல்லியம் பாதிப்பயனே.

எனவே இதழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உண்மையான சளி மாதிரியில் பெற்ற வரம்பும், மாதிரி எடுத்ததிலிருந்து முடிவு வரை ஆன மொத்த நேரமும் இல்லாத உயிருணரி ஆய்வுரைகளுக்கு 'படுக்கையருகுச் சோதனை' என்ற தலைப்பை அனுமதிக்காதீர்கள்.