டெலோமரேஸ் வந்த வழி

டெட்ராஹைமினா குளத்து நீரில் நீந்தித் திரியும் ஒற்றைச் செல் உயிர். அதன் பெரிய உட்கருவில் ஆயிரக்கணக்கான குட்டிக் குரோமோசோம்கள். நுனிகளைத் தேடியவர்களுக்கு இதைவிட வசதியான இடம் ஏது? 1978இல் எலிசபெத் பிளாக்பர்னும் ஜோசப் காலும் அந்த நுனிகளில் ஒரே ஆறெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார்கள். நூல் பிரியாமலிருக்கத் துண்டின் ஓரத்தில் போடும் முடிச்சின் வேலையைச் செய்யும் இந்தப் பகுதிதான் டெலோமியர்.

செல் பிரியும் ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ.வின் கடைசித் துண்டு நகலாகாமல் விடுபடும், நுனி தேயும். அப்படியிருக்க டெட்ராஹைமினா மட்டும் எப்படி ஓயாமல் பெருகுகிறது? 1984 கிறிஸ்துமஸ் அன்று பெர்க்லி ஆய்வகத்தில், 23 வயது மாணவி கரோல் கிரெய்டர் ஒரு எக்ஸ்ரே படத்தைக் கழுவி எடுத்தார். செல் சாற்றில் கதிரியக்கம் ஏற்றிய டி.என்.ஏ. எழுத்துகளைக் கலந்து ஜெல்லில் ஓட்டிப் பதிவுசெய்த படம். ஆறெழுத்துக்கு ஒரு படியாகக் கருங்கோடுகள் ஏறிக்கொண்டே போயின. சாற்றிலிருந்த ஏதோ ஒன்று நுனியை நீட்டிக்கொண்டிருந்தது. எழுத வேண்டிய வாசகத்தை ஆர்.என்.ஏ.வாகத் தன்னிடமே வைத்திருக்கும் அந்த நொதிக்கு டெலோமரேஸ் என்று பெயர் வந்தது.

மனிதனிடம் அது அகப்பட்டது புற்றுநோய்ச் செல்லில். 1951இல் ஹென்றியெட்டா லாக்ஸின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவர் அனுமதி பெறாமலே எடுத்து வளர்க்கப்பட்ட ஹீலா செல்களில் கிரெக் மோரின் 1989இல் அதைக் கண்டார். 1994இல் 101 கட்டி மாதிரிகளைச் சோதித்தபோது 90இல் டெலோமரேஸ் வேலை செய்துகொண்டிருந்தது. நலமான 50 திசுக்களில் ஒன்றில்கூட இல்லை.

நம் உடலின் பெரும்பாலான செல்கள் இந்த நொதியை அணைத்தே வைத்திருக்கின்றன. நுனித் தேய்வை முதுமையின் அடையாளமாக மட்டும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை, அது காவலும்கூட. நுனி தேய்ந்த செல் பிரிவதை நிறுத்திவிடும். பி53 போன்ற காவல் மரபணுக்கள் பழுதானால்தான் சிக்கல். செல் நிற்காமல் பிரியும், மொட்டையான நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டும், அடுத்த பிரிவில் இரு பக்கமும் இழுபட்டு எங்கோ அறுபடும், அறுந்த முனை மறுபடி ஒட்டும். மக்காச்சோளத்தில் பார்பரா மெக்லின்டாக் எப்போதோ பார்த்த சுழற்சி இது. பெரும்பாலான செல்கள் இதில் மாண்டுபோகும். மரபணுக்கள் குலைந்த அந்தக் கலவரத்தில் ஒரே ஒரு செல் டெலோமரேஸை எழுப்பிவிட்டாலும் போதும், அதன் வாரிசுகளுக்கு முடிவே இல்லை.

எழுப்புவது எது? 2013இல் மெலனோமா என்னும் தோல் புற்றில் ஒரு விடை கிடைத்தது. டெலோமரேஸ் மரபணுவுக்குள் அல்ல, அதற்கு முன்னாலிருக்கும் விசைப் பகுதியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது.

டெலோமியரை நீட்டித் தருவதாகச் சொல்லி மாத்திரை விற்பவர்கள் நீண்ட நுனி புற்றுக்கும் வழிவிடலாம் என்ற மறுபாதியைச் சொல்வதில்லை. பாட்1 மரபணுக் குறையால் இயல்பைவிட நீண்ட டெலோமியர் வாய்த்தவர்களை ஆராய்ந்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களிடம் சாதாரணக் கட்டிகளும் புற்றும் பலவகையாகத் தென்பட்டன.

2024 ஜூனில் இமெடெல்ஸ்டாட் என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. நொதியின் ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு அதை முடக்கும் மருந்து. எலும்பு மஜ்ஜை கெட்டு, அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும் ஒருவகை நோயாளிகளுக்கு 4 வாரத்துக்கு ஒருமுறை சிரை வழியாக ஏற்றுகிறார்கள். தட்டணுக்களும் வெள்ளணுக்களும் குறையக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே மருந்து ஏறுகிறது.